துப்பாக்கிக்கு முன் வந்த செய்தி: நாஜி இனப்படுகொலையை எதிர்த்த யூத இளைஞர்கள்

1941 டிசம்பர் 31 இரவு, லிதுவேனியாவின் வில்னா நகரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியின் ஸ்ட்ராஷுனா தெருவில் ஏழைகளுக்குச் சூப்பு ஊற்றும் கஞ்சிக்கூடம் ஒன்றில் சுமார் 150 இளைஞர்கள் கூடினார்கள். காவலர் எவராவது எட்டிப் பார்த்தால் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பதற்காகவே அந்த இரவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே ஓர் அறிக்கை இரு மொழிகளில் வாசிக்கப்பட்டது. அதை எழுதிய 23 வயது அப்பா கோவ்னர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் வாசித்தார். வார்சாவிலிருந்து போலி அடையாள அட்டையோடு ரயிலேறி வந்திருந்த தோசியா ஆல்ட்மன் என்ற இளம்பெண் எபிரேயத்தில் வாசித்தார். (அப்பா என்பது கோவ்னரின் இயற்பெயர், எபிரேயத்திலும் அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் அதே பொருள்தான்.) நகருக்கு வெளியே இருக்கும் பொனாரி ஒரு முகாம் என்று நம்பாதீர்கள், அங்கே கொண்டுபோகப்பட்ட எல்லாரும் சுடப்பட்டுவிட்டார்கள், ஐரோப்பாவின் யூதர்கள் அனைவரையும் அழிப்பதே ஹிட்லரின் நோக்கம், அந்த வரிசையில் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் லிதுவேனியாவின் யூதர்கள் என்றது அந்த அறிக்கை. ‘வெட்டப்படப்போகும் ஆடுகளைப்போல நாம் போகக் கூடாது’ என்பது அதில் பிற்பாடு உலகமெங்கும் பரவிய வரி.

ஆடுகள் என்ற உவமை வேதாகமத்தின் 44-ஆம் சங்கீதத்தில் வருவது. ‘அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்’ என்று தமிழில் அதைப் படித்திருப்போம். கோவ்னர் அதைத் தன் வயதொத்தவர்களைத் தட்டி எழுப்பும் அறைகூவலாக எழுதினார். போருக்குப் பிறகு அதே வரி தலைகீழாகி, ‘ஏன் ஆடுகளைப்போலப் போனீர்கள்?’ என்று உயிர் பிழைத்து வந்தவர்களைப் பார்த்துக் கேட்கும் குத்தலாயிற்று. இறந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி என்றே அதைச் சொல்வேன். அந்த அறிக்கையில் நாம் இன்னும் கூர்ந்து படிக்கவேண்டியது, ‘அனைவரையும்’ என்ற ஒற்றைச் சொல். ஐரோப்பிய யூதர்களை அழிப்பதை ஒருங்கிணைக்க ஜெர்மன் உயரதிகாரிகள் பெர்லினை ஒட்டிய வான்சேயில் கூடியது 1942 ஜனவரி 20 அன்று. வில்னாவின் இளைஞர்கள் அதற்கு மூன்று வாரம் முன்னரே, கண்ணெதிரே நடந்ததைக் கூட்டிப் பார்த்து, இது ஓர் ஊரின் கலவரமோ ஒரு தளபதியின் வெறியோ இல்லை, ஒரு கண்டத்துக்கே வகுக்கப்பட்ட திட்டம் என்று கண்டுகொண்டார்கள். வான்சே கூட்டத்துக்கு மறுநாள், ஜனவரி 21-இல், அவர்கள் ஒன்றிணைந்த போராளி அமைப்பை வில்னாவில் தொடங்கினார்கள். பெர்லினில் என்ன பேசப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

யூத இளைஞர்களின் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது நம் மனக்கண்ணில் உடனே வருவது வார்சாவின் எரியும் கட்டடங்களும் கையெறி குண்டுகளும்தான். அவற்றுக்கு வெகு முன்னரே, ஆயுதம் எதுவும் இல்லாத நாட்களில், எதிர்ப்பு தொடங்கிவிட்டிருந்தது. நம்ப முடியாத செய்தியை நம்புவதும், அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே அதன் முதல் வேலைகள். ஏன் அந்த வேலை இருபது வயதை ஒட்டியவர்களின் தோளில் விழுந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

வில்னாவை ஜெர்மன் படை 1941 ஜூன் 24 அன்று பிடித்தது. நகருக்கு வெளியே பொனாரிக் காட்டில், எரிபொருள் தொட்டிகளுக்காகச் சோவியத் ஆட்சி வெட்டிவைத்திருந்த பெரிய வட்டக் குழிகள் இருந்தன. வேலைக்கு அழைத்துப் போகிறோம் என்று சொல்லப்பட்டவர்கள் அந்தக் குழிகளின் விளிம்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் வில்னா யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை. பிணங்களுக்கு அடியிலிருந்து காயங்களோடு ஊர்ந்து வெளியேறிய சில பெண்கள் கெட்டோ மருத்துவமனைக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, பலர் அவர்களைப் புத்தி பேதலித்தவர்களாகவே பார்த்தார்கள். அந்த அவநம்பிக்கையைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணவன் கூலிவேலைக்குப் போயிருக்கிறான், என்றாவது கடிதம் வரும் என்று காத்திருக்கும் ஒருத்தியிடம், அவன் ஜூலையிலேயே சுடப்பட்டான் என்று சொன்னால், அதை ஏற்கும் கணமே அவளுடைய உலகம் முடிந்துவிடுகிறது. வார்சாவிலோ மக்கள் வேறொரு விளக்கம் வைத்திருந்தார்கள். வில்னா சோவியத் ஆட்சியில் இருந்த ஊர், அங்கே நடப்பது கம்யூனிஸ்டுகள் மீதான பழிவாங்கல், ஐரோப்பாவின் நடுவில், நான்கு லட்சம் பேர் அடைக்கப்பட்டிருக்கும் நகரத்தில் அப்படிச் செய்ய எவருக்கும் துணிவு வராது என்பது அந்த விளக்கம். 1942 மார்ச்சில் வார்சாவின் இளைஞர் இயக்கத் தலைவர்கள் எல்லாக் கட்சிகளையும் கூட்டி ஒரு பொதுத் தற்காப்பு அமைப்பு வேண்டும் என்று கேட்டபோது அது கைகூடவில்லை. மூத்த அரசியல் கட்சிகள் தயங்கின. ஜூலையில், மக்களைக் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகும் ரயில்கள் வந்துவிட்டன.

போருக்கு முந்தைய போலந்தில் யூத இளைஞர் இயக்கங்கள் வேரூன்றியிருந்த ஆழத்தை அறியாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிசக் கொள்கையின் இடதுசாரி இயக்கங்களான ஹஷோமேர் ஹட்சாயிரும் த்ரோரும், கிராக்கோவில் வலுப்பெற்றிருந்த அகிவாவும், வலதுசாரிப் பேத்தாரும், யூதத் தொழிலாளர் கட்சியான பூந்தின் இளைஞர் அணியும் கொள்கையில் ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டவை. எனினும் வளர்ப்பு முறை ஏறத்தாழ ஒன்றே: கோடை முகாம்கள், வாசிப்பு வட்டங்கள், ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பணப்பெட்டியில் வாழும் கூட்டு வாழ்க்கை, பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பதினேழு வயது வழிகாட்டி. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது கட்சிகளின் பெரியவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கிழக்கே தப்பிச் சென்ற இளைஞர்களில் சிலரோ, தாங்கள் விட்டுவந்த பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்தார்கள். த்ரோர் இயக்கத்தின் ஸிவியா லுபெட்கின் 1940 ஜனவரியில் சோவியத் எல்லையைத் தாண்டி ஜெர்மன் பிடியிலிருந்த வார்சாவுக்குள் நுழைந்தார். தோசியா ஆல்ட்மனும் அப்படித் திரும்பியவரே. எல்லாரும் வெளியே ஓடிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே வந்தவர்கள் இவர்கள்.

வார்சா கெட்டோவில் ட்ஸியெல்னா தெரு 34-ஆம் எண் வீட்டில் த்ரோர் இயக்கத்தினர் கூட்டாக வாழ்ந்தார்கள். அங்கே கஞ்சி ஊற்றினார்கள், யூதப் பிள்ளைகளுக்குப் படிப்பு தடைசெய்யப்பட்டிருந்தபோது இரகசியமாகப் பள்ளி நடத்தினார்கள், கையால் சுற்றும் நகலெடுக்கும் இயந்திரத்தில் செய்தித்தாள் அடித்தார்கள். பெரும்பாலானவர்களுக்குத் திருமணமாகவில்லை, கையில் குழந்தை இல்லை. ஒரு தாய் எடுக்க முடியாத அபாயத்தை அவர்களால் எடுக்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகப்பன் சொல்லைவிடத் தோழன் சொல்லை நம்பும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. வேற்றூரிலிருந்து வந்த ஓர் அகதி ‘எல்லாரையும் கொல்கிறார்கள்’ என்றால் அது வதந்தி. கோடை முகாமில் கூடப் படுத்துறங்கிய தோழி வந்து அதையே சொன்னால், அது செய்தி.

அந்தத் தோழிகளை எபிரேயத்தில் ‘கஷாரியோத்’ என்று அழைத்தார்கள். தொடர்பை உண்டாக்குபவர்கள் என்று பொருள். இந்த வேலைக்குப் பெண்களே மிகுதியாகப் போனதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆணை ஒரு சந்துக்குள் தள்ளிச் சோதித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். பெண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. மேலும், பல குடும்பங்கள் மகன்களைச் சமயப் பள்ளிக்கும் மகள்களைப் போலந்து அரசுப் பள்ளிக்கும் அனுப்பியிருந்தன. அதனால் இத்திஷ் வாடையில்லாத போலிஷ் பேச்சும், கத்தோலிக்கத் தோழிகளின் நடையுடை பாவனையும் பெண்களுக்குக் கைவந்திருந்தன. 1941 அக்டோபருக்குப் பிறகு கெட்டோவை விட்டு அனுமதியின்றி வெளியேறும் யூதருக்கு மரண தண்டனை. தெரிந்தே அவர்கள் போனார்கள். உடையின் மடிப்பில் பணமும், பின்னலுக்குள் சுருட்டிய தாளும், கூடையில் உருளைக்கிழங்குக்கு அடியில் கைத்துப்பாக்கியுமாக. இவர்களைப் பார்த்து வியந்த வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளும், பெரிய எழுத்தாளர் ஒருவரின் பேனாவுக்கு உரிய பொருள் இது என்று 1942 மே மாதத்தில் தன் குறிப்பேட்டில் எழுதினார்.

ஒரு புகைப்படம் இருக்கிறது. 1941 கிறிஸ்துமஸ் காலத்தில் குரோட்னோ நகரில் எடுத்தது. மூன்று இளம்பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கிறார்கள்: தெமா ஷ்னைடர்மன், பேலா ஹசான், லோங்கா கொஸிப்ரோட்ஸ்கா. பேலா அப்போது ‘ப்ரோனிஸ்லாவா லிமனோவ்ஸ்கா’ என்ற போலந்துப் பெயரில் அவ்வூரில் நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவின் அலுவலகத்திலேயே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவந்தார். அங்கு நடந்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவரையும் அவரைப் பார்க்க வந்திருந்த ‘போலந்துத் தோழிகள்’ இருவரையும் அழைத்தார்கள். படமும் எடுத்துக் கொடுத்தார்கள். மூவரும் த்ரோர் இயக்கத் தூதுப் பெண்கள் என்பது அந்த அறையில் எவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு லோங்கா ரயில் பயணத்தில் பிடிபட்டார். அவரைத் தேடிப்போன பேலாவும் பிடிபட்டார். இருவரும் போலந்து அரசியல் கைதிகளாகவே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அடி உதையிலும் தாங்கள் யூதர்கள் என்று வாய் திறக்கவில்லை. 1943-இல் லோங்கா அங்கே டைபஸ் காய்ச்சலில் இறந்தார். தெமா அதே ஆண்டு ஜனவரியில் கொல்லப்பட்டார். பேலா மட்டுமே பிழைத்தார்.

செய்தி கொண்டுபோவது உள்ளத்தை என்ன செய்யும் என்பதற்கு, 1942 ஏப்ரலில் தோசியா ஆல்ட்மன் பாலஸ்தீனத்தில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதம் சாட்சி. தணிக்கையைத் தாண்டுவதற்காக யூத மக்களை ஒரு நோயாளி நண்பனைப்போலப் பெயரிட்டு, அவன் என் கண்முன் சாகிறான், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன் என்று எழுதிவிட்டு, தலையால் சுவரை முட்டி உடைக்க முயன்றதுண்டா என்று அதில் கேட்டார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதெல்லாம் சாவுச் செய்திதான். நேற்றுவரை கல்வியும் கனவும் பற்றிப் பேசிய பிள்ளைகளிடம் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

செய்தியை நம்பிய பிறகு எழுந்த கேள்வி அதைவிடக் கொடியது. ஒருவர் சுட்டால் அதற்கு யார் சாவார்கள்? 1942 மே மாதம் பெர்லினில் ஹெர்பர்ட் பௌம் தலைமையிலான குழு, பெரும்பாலும் கட்டாயத் தொழிலாளர்களாக இருந்த யூத இளைஞர்கள், நாஜிகளின் சோவியத் எதிர்ப்புப் பொருட்காட்சி ஒன்றுக்குத் தீ வைத்தது. காட்சி அரங்குக்குச் சிறு சேதமே ஏற்பட்டது. பதிலுக்கு, அக்குழுவோடு தொடர்பே இல்லாத யூத ஆண்கள் 250 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தக் கூட்டுத் தண்டனைதான் நாஜி ஆட்சியின் மிக வலுவான பூட்டு. வில்னாவின் யாகோப் கென்ஸ், பியாலிஸ்டாக்கின் எஃப்ராயிம் பராஷ் போன்ற கெட்டோ நிர்வாகிகள், உழைக்கும் கெட்டோவை ஜெர்மானியர் அழிக்கமாட்டார்கள், காலத்தைக் கடத்தினால் சிலராவது பிழைப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு தவறிப்போயிற்று என்பது இன்று நமக்குத் தெரிகிறது. அன்று அது பைத்தியக்காரத்தனமான கணக்காகத் தோன்றவில்லை.

வில்னாவில் இந்த மோதல் 1943 ஜூலையில் வெடித்தது. போராளி அமைப்பின் தலைவர் இட்ஸிக் விட்டன்பெர்கின் பெயர் கெஸ்டாப்போவுக்குத் தெரிந்துவிட்டது. கென்ஸ் அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பிடித்துக்கொடுக்க, போராளிகள் வழியிலேயே பாய்ந்து அவரை மீட்டார்கள். விட்டன்பெர்க் ஒப்படைக்கப்படாவிட்டால் கெட்டோவே அழிக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது. தெருவில் திரண்ட மக்கள், ஒருவனுக்காக நாங்கள் இருபதாயிரம் பேர் சாகவேண்டுமா என்று தங்கள் பிள்ளைகளான போராளிகள் மீதே கல்லெறிந்தார்கள். துப்பாக்கியைத் தம் மக்கள் மீது திருப்புவதா என்ற இடத்தில் இயக்கம் நின்றுவிட்டது. விட்டன்பெர்க் தலைமையைக் கோவ்னரிடம் ஒப்படைத்துவிட்டு, தானே நடந்துபோய்ச் சரணடைந்தார். மறுநாள் சிறையில் பிணமாகக் கிடந்தார். செப்டம்பரில் கெட்டோ எப்படியும் அழிக்கப்பட்டது. கோவ்னர், வித்கா கெம்ப்னர், ரூஷ்கா கோர்சாக் உள்ளிட்டோர் பாதாளச் சாக்கடை வழியே வெளியேறி ருட்னிகி காட்டுக்குப் போய்க் கெரில்லாப் படையானார்கள். இந்த வித்கா, 1942 கோடையில், 22 வயதில், வில்னாவுக்கு அருகே ரயில்பாதையில் குண்டு வைத்துத் திரும்பியவர்.

பியாலிஸ்டாக்கில் நடந்த விவாதத்துக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1943 பிப்ரவரி 27 அன்று த்ரோர் இயக்கத்தின் கூட்டு வாழ்க்கைக் குழு ஒன்று கூடிப் பேசியது. மொர்தெகாய் டெனன்பாம் தலைமை தாங்கினார். குறிப்பெடுக்கவும் ஒருவர் இருந்தார். கெட்டோவிலேயே நின்று சண்டையிட்டுச் சாவதா, காட்டுக்குப் போய்ச் சண்டையிட்டு ஒருவேளை வாழ்வதா என்பது கேள்வி. காடு என்றால் முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். கெட்டோ என்றால் சாவு உறுதி. ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசுகிறார்கள்; எவரும் மற்றவரைக் கோழை என்று சொல்லவில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, வழக்கமான இயக்கக் கூட்டத்தின் ஒழுங்குமுறையை அவர்கள் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தது நெஞ்சை அடைக்கிறது. ஆகஸ்ட் 16 அன்று ஜெர்மன் படை கெட்டோவைச் சூழ்ந்தபோது, வேலியை உடைத்து மக்களை வெளியேற்றிவிடலாம் என்று போராளிகள் எதிர்பார்த்தார்கள். மக்களோ கட்டளைப்படி மூட்டை முடிச்சுகளோடு கூடுமிடத்துக்கே நடந்தார்கள். சண்டை சில நாட்களில் அடங்கியது. டெனன்பாமும் உயிரிழந்தார், அவர் முன்கூட்டியே வெளியே அனுப்பிப் புதைக்கச் செய்த ஆவணங்கள் பிழைத்தன.

வார்சாவில் 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை, இரண்டே மாதங்களில், சுமார் 2,65,000 பேர் த்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். யூதப் போராளி அமைப்பு ஜூலை 28 அன்று உருவானபோது அதன் கையில் ஆயுதம் என்று சொல்ல ஏதுமில்லை. மிஞ்சிய ஐம்பது, அறுபதாயிரம் பேரில் பெரும்பாலோர் வேலை செய்யக்கூடிய வயதினர்; பெற்றோரையும் குழந்தைகளையும் பறிகொடுத்தவர்கள். கூட்டுத் தண்டனை என்ற பூட்டு இங்கே இப்படித்தான் திறந்தது: அவர்களிடம் பறிக்க இனி எதுவும் இல்லை. நவம்பரில் 23 வயது மொர்தெகாய் அனியெலெவிச் தலைமை ஏற்றார். போலந்துத் தலைமறைவுப் படை டிசம்பரில் தந்தது 10 கைத்துப்பாக்கிகள். 1943 ஜனவரி 18 அன்று மீண்டும் மக்களைப் பிடிக்க வந்தபோது, அனியெலெவிச்சும் சில தோழர்களும் கைத்துப்பாக்கிகளை மறைத்துக்கொண்டு, பிடிபட்டவர்களின் வரிசைக்குள் நுழைந்து நடந்து, ஸமென்ஹோஃப், நிஸ்கா தெருக்களின் சந்திப்பில் காவலர்கள் மீது பாய்ந்தார்கள். தோழர்கள் பெரும்பாலோர் அங்கேயே விழுந்தார்கள். வரிசை சிதறி ஓடியது. நான்கு நாளில் படை பின்வாங்கியதும், இத்தனை நாளாகப் போராளிகளுக்குக் காது கொடுக்காத கெட்டோ, கூட்டம் கூட்டமாகப் பதுங்குகுழி வெட்டத் தொடங்கியது.

ஏப்ரல் 19, பஸ்கா பண்டிகை தொடங்கும் நாள். கெட்டோவுக்குள் நுழைந்த படையை, பழைய கைத்துப்பாக்கிகளும் நாட்டுக் கையெறி குண்டுகளும் பெட்ரோல் புட்டிகளும் வைத்திருந்த சுமார் 500 போராளிகள் எதிர்கொண்டார்கள். பேத்தார் வழிவந்த யூத ராணுவச் சங்கத்தின் இருநூறுக்கும் மேற்பட்டோர் முரனோவ்ஸ்கி சதுக்கத்தில் தனியே சண்டையிட்டார்கள். கட்சிப் பகையால் இவர்கள் பெயர் பல பத்தாண்டுகள் நினைவுக் கூட்டங்களில் உரிய அளவுக்கு ஒலிக்காமல் போனது வருத்தத்துக்குரியது. படைத் தலைவர் யூர்கன் ஸ்ட்ரோப் கட்டடம் கட்டடமாகத் தீ வைத்தார். தாம் அழித்ததாக அவர் கணக்குக் கொடுத்த பதுங்குகுழிகள் 631. இந்த எண்ணைக் கவனிக்கவேண்டும். துப்பாக்கி பிடித்தவர்கள் சில நூறு பேர். வெளியே வா என்ற கட்டளைக்குப் பணியாமல், புகையிலும் வெக்கையிலும் வாரக்கணக்கில் நிலத்தடியில் கிடந்தவர்கள் பல்லாயிரம் பேர். எழுச்சியை ஏறத்தாழ ஒரு மாதம் நீளச் செய்தவர்களில் அவர்களும் உண்டு. மே 8 அன்று மிலா தெரு 18-ஆம் எண்ணின் கீழிருந்த தலைமைப் பதுங்குகுழி வளைக்கப்பட்டு, அனியெலெவிச் உட்படப் பெரும்பாலோர் மாண்டார்கள். மே 10 அன்று, 19 வயது சிம்கா ரோட்டம், சாக்கடைச் சுரங்கத்தில் நடந்து வந்தவர்களைப் பட்டப்பகலில் ப்ரோஸ்டா தெருவின் மூடியைத் திறந்து லாரியில் ஏற்றினார். பின்தங்கிய சிலர் மேலே வருவதற்குள் லாரி கிளம்பவேண்டியதாயிற்று. அந்த முடிவின் பாரத்தை அவர் 2018-இல் சாகும்வரை சுமந்தார். வெளியே வந்தவர்களில் தோசியா ஆல்ட்மனும் இருந்தார். இரண்டு வாரம் கழித்து, அவர்கள் ஒளிந்திருந்த தொழிற்சாலையில் தீப்பிடித்தது. உடல் வெந்த நிலையில் ஜெர்மானியர் கையில் சிக்கி அவர் இறந்தார்.

எழுச்சி தொடங்கிய அதே ஏப்ரல் 19 இரவில், பெல்ஜியத்தில், 1,631 பேரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மூன்று இளைஞர்கள் நிறுத்தினார்கள். யூத மருத்துவர் யூரா லிவ்ஷிட்ஸும், யூதரல்லாத நண்பர்கள் இருவரும். அவர்களிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, சிவப்புத் தாள் சுற்றிய ஓர் அரிக்கேன் விளக்கு, கம்பி வெட்டும் குறடுகள். அவர்கள் நேரடியாக விடுவித்தது 17 பேரை. எல்லை வருமுன் அந்த ரயிலிலிருந்து குதித்துத் தப்பியவர்கள் மொத்தம் 230-க்கும் மேல். ஒருவரையொருவர் அறியாத இரு குழுக்கள், ஒரே நாள்.

மேற்கு ஐரோப்பாவில் மதில் சூழ்ந்த கெட்டோக்கள் இல்லை. அங்கே உயிரைக் காத்தது பெரும்பாலும் காகிதம்தான். 18 வயதில் பாரிஸில் போலி ஆவணம் செய்யத் தொடங்கிய அடோல்ஃபோ கமின்ஸ்கி, சாயக் கடையில் வேலை பார்த்துக் கறை நீக்கும் வேதியியலைக் கற்றவர். அழியாது என்று பெயர்பெற்ற வாட்டர்மன் நீல மையை அழிக்க வழி உண்டா என்று தலைமறைவு இயக்கத்தார் கேட்டதும், பால் பொருள்களில் இருக்கும் லாக்டிக் அமிலத்தைச் சொன்னார். அடையாள அட்டையிலிருந்து ‘யூதர்’ என்ற முத்திரையையும் பெயரையும் நீக்க அதுவே வழியாயிற்று. ஒருமுறை முந்நூறு குழந்தைகளுக்கான ஆவணங்களை மூன்றே நாளில் முடிக்கவேண்டி வந்தபோது, ஒரு மணி நேரத்தில் முப்பது அட்டை செய்யமுடியும், ஒரு மணி நேரம் உறங்கினால் முப்பது பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுக் கண்விழித்தார். பிரெஞ்சு யூதச் சாரணர் இயக்கத்தினர் இத்தகைய அட்டைகளோடு குழந்தைகளைக் கிராமத்து வீடுகளுக்கும் மடங்களுக்கும் சுவிஸ் எல்லைக்கும் கொண்டுபோனார்கள். அப்படிப் போன மரியான் கோன், 1944 மே இறுதியில், எல்லைக்கு மிக அருகே, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு பிடிபட்டார். அவரை மட்டும் தப்பவைக்கத் தோழர்கள் ஏற்பாடு செய்தார்கள். நான் போனால் பிள்ளைகள் மீது பழி விழும் என்று மறுத்துவிட்டார். ஜூலையில் அவரை அடித்துக் கொன்றார்கள், வயது 21. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

உயிர்க்கணக்கு மட்டும் பார்த்தால், ஆயுத எழுச்சிகளைவிட இந்த மைபுட்டிகளும் ரயில் பயணங்களும் அதிகம் பேரைக் காப்பாற்றின. 1944-இல் புடாபெஸ்டில் சியோனிச இளைஞர்கள் நடுநிலை நாடுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் போலியாக அச்சடித்து வாரி வழங்கினார்கள். ருமேனிய எல்லைக்கு ஆட்களைக் கடத்தும் வேலைக்கு ‘திஉல்’, அதாவது உல்லாசப் பயணம், என்று குறிச்சொல் வைத்திருந்தார்கள். ஆயினும் நினைவுச் சின்னங்கள் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கே மிகுதி. வரலாற்றாசிரியர் யெஹுதா பௌவர், இந்தக் குறையை உணர்ந்தே, ‘அமிதா’, நிமிர்ந்து நிற்றல், என்ற எபிரேயச் சொல்லால் கள்ளத்தனமாக ரொட்டி கொண்டுவருவதையும் இரகசியப் பள்ளியையும்கூட எதிர்ப்பின் பகுதியாகக் கண்டார்.

ஆஷ்விட்ஸ் கொலைமுகாமின் உள்ளேயே எதிர்ப்பு நடந்தது. யூனியன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் அடிமை வேலை செய்த எஸ்துசியா வைட்ஸ்ப்லும், ரெகினா சஃபிர்ஷ்டைன், ஆலா கெர்ட்னர் ஆகியோரும் வேறு சில பெண்களும் வெடிமருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் துணியில் முடிந்து வெளியே கடத்தினார்கள். சோதனை வந்தால் மண்ணில் கொட்டி மிதித்துவிடுவார்கள். அம்முகாமின் பிர்கெனா பகுதியில் துணிக்கிடங்கில் இருந்த ரோஸா ரோபோட்டா அதைப் பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளிடம் சேர்த்தார். 1944 அக்டோபர் 7 அன்று அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நான்காம் எரியுலைக் கட்டடம் நாசமாயிற்று. நால்வரும் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். முகாம் விடுவிக்கப்பட மூன்று வாரமே இருந்தது. ரோஸா சிறையிலிருந்து அனுப்பிய கடைசிச் செய்தி ஹஷோமேர் ஹட்சாயிர் சிறுவர்களின் வாழ்த்துச் சொல்; யோசுவாவின் புத்தகத்தில் வரும் அதன் சாயலைத் தமிழ் வேதாகமம் ‘பலங்கொண்டு திடமனதாயிரு’ என்கிறது.

மீண்டும் வார்சா, 1942 ஆகஸ்ட் 3. ரயில்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. நோவொலிப்கி தெரு 68-இல் ஒரு பள்ளியின் நிலவறையில், ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்கள் இருவரும் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். ரிங்கெல்ப்ளும் தலைமையில் இரகசியமாகத் திரட்டப்பட்ட கெட்டோ ஆவணங்கள் அவற்றில் இருந்தன: நாட்குறிப்புகள், ரேஷன் அட்டைகள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகள், தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள். மாணவர்களில் ஒருவன் தாவித் கிராபர், வயது 19. மண்ணை மூடும் முன் அவன் அவசர அவசரமாக ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தான். உலகத்தின் முன் நாங்கள் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்றும், இந்தப் புதையல் தோண்டி எடுக்கப்பட்டு உண்மையை உரக்கச் சொல்லும் கணத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றும், ஆனால் அதுவரை நாங்கள் இருக்கமாட்டோம் என்றும் எழுதினான். 1946 செப்டம்பர் 18 அன்று, தெருக்களின் அடையாளமே இல்லாத இடிபாட்டுக் குவியலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்தார்கள். உள்ளே நீர் புகுந்து தாள்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கிராபர் எழுதிய தாளைப் படிக்க முடிந்தது.